காஹிராவின் மினாராக்களும் பூகம்ப அலைகளும்

ஜலாலைன் தஃப்ஸீரை ஓதிய எவருக்கும் இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தீ (ரஹ்) அவர்களை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஹிஜ்ரி 849 முதல் 911 வரை (கி.பி. 1445–1505) வாழ்ந்த அப்பெரியார் கை வைக்காத துறை இல்லை எனலாம். ஆயினும் அன்னாரின் நூல்களுள் ஒன்றை நம்மவர் அதிகம் நாடுவதில்லை. ‘கஷ்ஃபுஸ் ஸல்ஸலா அன் வஸ்ஃபிஜ் ஜல்ஜலா’ என்பது அதன் பெயர். பண்டைக் காலந்தொட்டுத் தம் காலம் வரை நேர்ந்த நிலநடுக்கங்களை ஆண்டு வரிசையில் தொகுத்துரைக்கும் சிறு நூல் அது. கடந்த நூற்றாண்டில் அதைத் தேடிப் பயின்றவர்களுள் முன்னணியில் நின்றவர் ஓர் ஆலிம் அல்லர். ஏதென்ஸில் பிறந்து, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய நிக்கலஸ் அம்ப்ரேஸிஸ் (1929–2012) என்னும் கட்டடப் பொறியியல் அறிஞர்!

பொறியியலாருக்கு அரபு வரலாற்று நூலில் என்ன வேலை? இதற்கு விடை காண, பூகம்ப அலைகளின் இயல்பை நாம் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

இப்னு ஸீனா தமது ‘ஷிஃபா’வில், பூமிக்குள் அடைபட்ட ஆவியும் காற்றுமே நிலத்தை அசைக்கின்றன என்று அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி எழுதினார். பாறைகள் பிளந்து நழுவும்போது எழும் அலைகளே நடுக்கம் என்பது பிற்காலத்தில் தெளிந்த உண்மை. முதலில் வருவது, பாறையை அமுக்கியும் விரித்தும் செல்லும் அலை. அது மேற்பரப்புப் பாறைகளில் வினாடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் விரையும். அடுத்து, பக்கவாட்டில் உலுக்கும் அலை. இதன் வேகம் முன்னதில் பாதிக்குச் சற்று மேல். இறுதியாக நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி அலைகள் தவழ்ந்து வரும். 1897இல் அஸ்ஸாமை உலுக்கிய பெரும் பூகம்பத்தின் பதிவுகளை ஆராய்ந்தே, இந்தியப் புவியியல் துறையைச் சேர்ந்த ஓல்டாம் இம்மூன்றையும் பிரித்துக் காட்டினார். முதல் இரண்டு அலைகளுக்கிடையே ஒரு வினாடி இடைவெளி இருந்தால், பூகம்பம் பிறந்த இடம் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தொலைவு என்று கணக்கிடலாம்.

இவ்வலைகளுள் விரைந்து துடிப்பவை தொலைவில் தேய்ந்துவிடும்; மெதுவாக அசைபவை நெடுந்தூரம் செல்லும். ரமலான் ஸஹர் நேரத்தில் அடுத்த ஊர்ப் பள்ளியின் நகரா முழங்குவது நம் காதுக்கு எட்டும். அங்கே பக்கிர்ஷா பாடும் பாட்டு எட்டாது. அதனை ஒத்ததே இதுவும். கட்டடங்களுக்கும் தத்தமக்கென ஓர் அசைவு உண்டு. மாடி ஒன்றுக்குப் பத்தில் ஒரு வினாடி என்பது பொறியியலாரின் தோராயக் கணக்கு. இரண்டு மாடி வீடு வெடுக்கென்று அசையும். உயர்ந்து மெலிந்த கட்டடம் நிதானமாக ஆடும். ஊஞ்சலை அதன் ஆட்டத்திற்கு இசையத் தள்ளினால் சிறுபிள்ளையின் கையும் அதை உயரத் தூக்கிவிடும் அன்றோ! நிலத்தின் அசைவும் கட்டடத்தின் அசைவும் இசைந்துவிடும்போதும் அதுவே நேர்கிறது.

இனி காஹிராவுக்கு வருவோம். ஹிஜ்ரி 702, துல்ஹஜ் பிறை 23, வியாழக்கிழமை அதிகாலை, கி.பி. 1303 ஆகஸ்ட் 8. மிஸ்ரு நாடு நடுங்கியது. பூகம்பம் பிறந்ததோ அங்கல்ல. மத்தியதரைக் கடலில் கிரீட் தீவை அடுத்து, காஹிராவிலிருந்து 700 கிலோமீட்டருக்கு அப்பால்! இஸ்கந்தரிய்யாவில் கடல் பொங்கிக் கரையேறியது. காஹிராவில் அல்அஸ்ஹரும், அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் பெயர் தாங்கிய பள்ளியும், ஹாகிம் பள்ளியும் சேதமுற்றன. மினாராக்களின் முடிகள் சரிந்தன. நெடுந்தூரம் வந்த நிதானமான அலைகள், நைல் நதி படிவித்த மென்மையான வண்டலில் மேலும் பெருகி, உயர்ந்த கட்டடங்களின் ஆட்டத்தோடு இசைந்திருக்க வேண்டும்.

இது வெறும் ஊகமன்று. 1985 செப்டம்பர் 19இல் மெக்ஸிகோ நகரில் இதையே உலகம் கண்டது. பூகம்பம் 350 கிலோமீட்டருக்கு அப்பால் பசிபிக் கரையில். நகரின் நடுப்பகுதியோ பழைய ஏரியின் சேற்றின்மேல் எழுந்தது. அச்சேறு இரண்டு வினாடிக்கு ஒருமுறை என்ற கணக்கில் ஆட, 6 முதல் 15 மாடி வரையிலான கட்டடங்களே மிகுதியாக விழுந்தன. தாழ்ந்த வீடுகள் பலவும் நின்றன. 44 மாடிக் கோபுரம் ஒன்றும் நின்றது.

மாறாக, 1992 அக்டோபர் 12இல் காஹிராவுக்கு அருகே தஹ்ஷூரில் பிறந்த பூகம்பம் 5.8 அளவினதே. 1303இல் வெளிப்பட்ட ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கும் அதற்கு இராது. எனினும் அருகில் பிறந்த அதன் விரைந்த அலைகள் பழைய செங்கல் வீடுகளை நொறுக்கின. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பள்ளிக்கூடங்களில் நெரிசலில் சிக்கிய குழந்தைகளும் அவர்களுள் உண்டு. ஆக, காஹிராவில் கட்டடம் எழுப்புவோர் இரு பகைவரை எதிர்பார்த்தாக வேண்டும்: அருகிலிருந்து வரும் சிறியவர், தொலைவிலிருந்து வரும் பெரியவர்.

அந்தப் பெரியவரைப் பற்றிக் கருவிகள் பேசா. தொலைவிலுள்ள பூகம்பத்தைக் கருவி முதன்முதலில் பதிந்ததே 1889இல்தான். டோக்கியோவில் நேர்ந்தது ஜெர்மனியின் போட்ஸ்டாமில் பதிவாயிற்று. பொறியியல் விதிகளோ, சராசரி 475 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய நடுக்கத்தைத் தாங்குமாறு கட்டும்படி பணிக்கின்றன. எஞ்சிய ஆண்டுகளுக்குச் சாட்சி சொல்வோர் ஸுயூத்தீயும் மக்ரீஸியும் போன்றோரே. இதனாலேயே அம்ப்ரேஸிஸ், வரலாற்றறிஞர் மெல்வில், பூகம்பவியலாளர் ஆடம்ஸ் ஆகியோருடன் சேர்ந்து அரபு நூல்களைச் சல்லடையிட்டு, எகிப்து, அரேபியா, செங்கடல் பகுதிகளின் பூகம்ப வரலாற்றை 1994இல் வெளியிட்டார்.

ஒன்றை இங்கே சொல்லாதிருக்க இயலவில்லை. வரலாற்றாசிரியர் மினாரா விழுந்ததைப் பெயர் சொல்லி எழுதுவார். ஏழையின் மண்குடில் விழுந்தால் அதற்கு எழுதப் பெயரில்லை. மினாராக்களின் பட்டியலை மட்டும் வைத்து, தாழ்ந்தவை தப்பின என்று முடிவு கட்டுவது தவறு. ஒரே நிகழ்ச்சியை இரு நூல்கள் இரு ஆண்டுகளில் குறித்தால், இல்லாத பூகம்பம் ஒன்று பிறந்துவிடும். அரபு தெரியாத பொறியியலாரும், பொறியியல் தெரியாத ஆலிமும் தனித்தனியே இதில் இடறுவர்.

இப்னு பதூதா 1326இல் இஸ்கந்தரிய்யாவின் கலங்கரை விளக்கத்தைப் பார்த்தபோது அதன் ஒரு பக்கம் இடிந்திருந்தது. 1349இல் மீண்டும் வந்தபோது உள்ளே நுழையவே இயலவில்லை. காஹிராவின் பள்ளிகள் அவ்வாறு கைவிடப்படவில்லை. அமீர் ஸலார் அல்அஸ்ஹரைச் செப்பனிட்டார். அமீர் பைபர்ஸ் ஜாஷ்னகீர் ஹாகிம் பள்ளியின் மினாராக்களுக்குப் புதிய முடி கட்டினார். இன்றும் அங்கே நின்று அண்ணாந்து பார்ப்போர், அடிப்பகுதி ஃபாத்திமீக்களின் வேலையாகவும் முடி மம்லூக்குகளின் வேலையாகவும் வேறுபட்டிருப்பதைக் காணலாம்.