பெர்சியும் பெயரில்லாத பெண்களும்

1896 நவம்பரில் இங்கிலாந்தின் மருத்துவ இதழொன்றில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் பெர்சி என்னும் பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். கூரிய அறிவுடையவன், விளையாட்டிலும் சளைத்தவனல்லன். ஆனால் வாசிக்க வரவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். வாசிப்புக் குறைபாட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இவனிடமிருந்தே தொடங்குகின்றனர். ‘கற்றல் குறைபாடு’ என்ற பொதுப்பெயரை 1963-இல் சாமுவேல் கிர்க் பரவலாக்கினார்.

இவ்வரலாற்றில் சிறுமிகள் எங்கே? 1990-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஷேவிட்ஸ் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பள்ளிகள் அடையாளங்கண்டு அனுப்பியோரில் சிறுவர்களே மிகுதி. ஆய்வாளர்கள் தாமே எல்லாக் குழந்தைகளையும் சோதித்தபோது, இருபாலாரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வகுப்பில் இரைச்சலிடும் பையன் ஆசிரியர் கண்ணில் படுகிறான். வாய் திறவாமல் கடைசி வரிசையில் அமர்ந்து, தேர்வன்று வயிற்றுவலி என்று அழும் பெண் படுவதில்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. இங்கே அத்தகைய பெண்ணுக்கு ஊர் தரும் பெயர் ‘படிப்பு ஏறாதவள்’. பருத்தி எடுக்கவும் ஆடு மேய்க்கவும் நூற்பாலைக்கும் அவள் அனுப்பப்படுவாள். பிறரோடு பேசாமல் ஒடுங்கினாலோ, திடீரெனச் சீறினாலோ ‘காத்துக் கறுப்பு’ என்று கோடாங்கியைத் தேடுவார்கள். மனநோயும் அறிவு வளர்ச்சிக் குறைவும் பேயும் இங்கு ஒன்றாகவே எண்ணப்பட்டன. அதற்கு அப்பால் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தோர் உள்ளிட்ட 28 பேர் மாண்டனர்.

ஊரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. 1912-ஆம் ஆண்டின் பைத்தியச் சட்டமும் அறிவு வளர்ச்சி குன்றியோரையும் மனம் பேதலித்தோரையும் ஒரே சொல்லில் அடக்கியது. 1987-ஆம் ஆண்டுச் சட்டமே அவ்விரண்டையும் பிரித்தது. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் வாசிப்புக் குறைபாட்டுக்கு இடமில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் இடம் கிடைத்தது. பெர்சிக்குப் பின் 120 ஆண்டுகள்!

சில ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பில் ஒரு மாணவி பாடலை வாசிக்க எழ மறுத்தாள். பலமுறை அழைத்தேன். தலை குனிந்தே இருந்தாள். ‘திமிர்’ என்று பலர் முன்னிலையில் சொன்னேன். மறுவாரம் முதல் அவள் வரவில்லை. அதே பாடலை முந்தைய நாள் நான் சொல்லக் கேட்டு, பொருள் பிசகாமல் விளக்கியவள் அவள்தான். அது பின்னர்தான் எனக்கு உறைத்தது.

அவளுக்கு இருந்தது இக்குறைபாடுதானா என்பதை இனி நான் அறிய வழியில்லை. அறிந்திருக்கக்கூடிய ஒரே நாளில் நான் அவளுக்கு வேறு பெயர் சூட்டிவிட்டேன்.