பச்சை உடம்பும் நாலு எட்டும்

"எந்திரிச்சு நாலு எட்டு நடங்கம்மா" என்றார் நர்ஸ் அக்கா. அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை. மூத்திரக் குழாயை அப்போதுதான் எடுத்திருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்த அம்மாச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பச்ச ஒடம்பும்மா இது. வயித்தக் கிழிச்சுத் தச்சிருக்கு. கால தரையில ஊனலாமா?"

"ஊனலாம் பாட்டி. ஊனாட்டித்தான் தப்பு."

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வயிற்றை அணைத்துக்கொண்டு, ஜன்னல் வரை போனாள். திண்டுக்கல் மலைக்கோட்டையின் ஒரு ஓரம் அங்கிருந்து தெரியும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுத்தாள். மொத்தம் பத்து எட்டு இருக்கும். அன்று சாயந்திரம் வரை அம்மாச்சி நர்ஸ் அக்காவிடம் பேசவில்லை. "காத்துப் பிரிஞ்சுச்சா?" என்று அவர் வந்து கேட்டபோதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அம்மாச்சியிடம் ஆதாரம் இருந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பெரியம்மாவுக்கும் இதே ஆபரேஷன்தான். நாற்பது நாள் கட்டிலை விட்டு இறங்க விடாமல் பார்த்துக்கொண்டார்கள். பிரசவித்தவளுக்குச் செய்கிற மாதிரியே பத்தியச் சாப்பாடு, வயிற்றில் இறுக்கித் துணிக்கட்டு. மூன்றாம் வாரம் பெரியம்மாவின் இடது கால் தொடை வரை வீங்கியது. நீர் கோத்திருக்கிறது என்று ஒத்தடம் கொடுத்தார்கள். ரத்தம் உறைந்து கட்டி நின்றிருக்கிறது என்று தெரிய இன்னும் நாலு நாள் ஆனது. உயிர் தப்பியது. இன்றும் அந்தக் கால் மற்றதைவிடப் பருமனாக, சாயந்திரமானால் கல்லாகக் கனக்கும். "படுத்தே கெடந்ததாலதான் இந்த மட்டுக்கும் தப்பிச்சா" என்பது அம்மாச்சியின் கட்சி. படுத்தே கிடந்ததால்தான் வந்தது என்று யாரும் அதனிடம் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை.

ஆனால் ராத்திரி வார்டில் தூக்கம் வராமல், இந்த 'நாலு எட்டு' எப்போது ஆரம்பித்தது என்று தேடத் தொடங்கினேன்.

வயிற்றைக் கீறிச் செய்யும் பெண்கள் ஆபரேஷனின் கதை பெரும்பாலும் 1809இல் தொடங்கும். அமெரிக்காவின் கென்டக்கியில், ஜேன் டாட் கிராஃபர்ட் என்ற பெண்மணி பெரிய சூல்பைக் கட்டியோடு சுமார் 100 கிலோமீட்டர் குதிரையில் வந்து எஃப்ரைம் மக்டவல் என்ற டாக்டரின் வீட்டை அடைந்தார். மயக்க மருந்தே கண்டுபிடிக்கப்படாத காலம். டாக்டர் பத்து கிலோ அளவுக்குக் கட்டியை வெட்டி எடுத்தார். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால், அந்த அம்மா எழுந்து தன் படுக்கையைத் தானே சரிசெய்துகொண்டிருக்கிறார்! இனிமேல் ஜாக்கிரதையாக இருக்கணும் என்று கண்டித்ததாக மக்டவல் எழுதியிருக்கிறார். 25 நாளில் ஊர் திரும்பி, அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார் கிராஃபர்ட். டாக்டரின் தைரியத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் படுக்கை விரிப்புதான் கண்ணுக்குள் நின்றது. எழுந்ததும் அவர் செய்தது நடை இல்லை, வீட்டு வேலை.

கர்ப்பப்பையை வயிறு வழியாக எடுத்து நோயாளி பிழைத்தது 1853இல், மாசசூசெட்ஸில். செய்தவர் வால்டர் பர்ன்ஹாம். அதன்பின் மயக்க மருந்தோடு கிருமிநீக்கமும் சேர்ந்து ஆபரேஷன்கள் பெருகின. கூடவே ஒரு விதியும் வந்து ஒட்டிக்கொண்டது. வயிற்றைத் திறந்தால் இரண்டு மூன்று வாரம் அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டும். காரணம் இல்லாமல் இல்லை. தையல் நூல் ஆட்டுக் குடலில் செய்தது, எப்போது கரையும் என்று நம்ப முடியாது. புண் பிரிந்து குடல் வெளியே வந்துவிடுமோ என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயத்தோடு இன்னொன்றும் கலந்திருந்தது. பெண் உடம்பு பலவீனமானது, அதற்குப் படுக்கையே மருந்து என்ற எண்ணம். ஃபிலடெல்ஃபியாவின் வெயர் மிட்செல் நரம்புத் தளர்ச்சி என்று வந்த பெண்களை வாரக்கணக்கில் கட்டிலில் போட்டு, எழுதவும் படிக்கவும் விடாமல் பால் கொடுத்து வைத்தார். அதே டாக்டர் ஆண்களை மேற்கே அனுப்பி, குதிரையேறி மாடு மேய்த்துத் திரியச் சொன்னார்! மிட்செலின் கட்டிலில் கிடந்து தப்பிய சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் 1892இல் வெளியிட்ட 'தி யெல்லோ வால்பேப்பர்' கதையை நம்மில் பலர் கல்லூரியில் படித்திருப்போம்.

இந்தச் சூழலில்தான் 1899இல் சிகாகோவின் எமில் ரீஸ் ஒரு கட்டுரை எழுதுகிறார். அவர் பெண்கள் மருத்துவர். ஆபரேஷன் செய்த பெண்களை ஓரிரு நாளில் கட்டிலை விட்டு எழுப்பினேன், ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு அனுப்பினேன், கெட்டுப் போகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்றார். பெரும்பாலான டாக்டர்கள் கண்டுகொள்ளவில்லை. ஆபரேஷன் முடிந்தவர்களைச் சீக்கிரம் நடக்கவிடும் வழக்கத்துக்கு வரலாறு எழுதுகிறவர்கள் ரீஸிடமிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அவர் எழுப்பி நடக்கவிட்டது பெண்களை என்பதை மட்டும் ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பெரியம்மாவின் காலில் நடந்தது என்ன என்பது அதற்கும் நாற்பது வருஷம் முன்பே தெரிந்த விஷயம். காலில் உறைந்த ரத்தக்கட்டி பிய்த்துக்கொண்டு கிளம்பி நுரையீரலில் போய் அடைக்கும் என்பதை ஜெர்மனியின் ருடால்ஃப் விர்க்கோ 1850களிலேயே விளக்கிவிட்டார். கெண்டைக்கால் சதை ஒவ்வொரு எட்டிலும் சுருங்கி, கீழே தேங்கும் ரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளுகிறது. ஆபரேஷன் முடிந்த உடம்பில் ரத்தம் சாதாரணமாகவே சீக்கிரம் உறையும். அப்போது அந்தச் சதையும் சும்மா கிடந்தால் கேட்கவே வேண்டாம். இவ்வளவு தெரிந்தும் கட்டிலில்தான் போட்டுவைத்தார்கள்.

கடைசியில் அந்த விதியை உடைத்தது போர். இரண்டாம் உலகப் போரில் கட்டில் பற்றாக்குறை, நர்ஸ் பற்றாக்குறை. படுத்தவரைச் சீக்கிரம் எழுப்பியே ஆக வேண்டிய நிலை. டெட்ராய்ட்டின் டேனியல் லைத்தவுசர் தன் நோயாளிகளை ஆபரேஷன் அன்றோ மறுநாளோ நடக்க வைத்து, அதைப் பற்றி 1946இல் ஒரு முழுப் புத்தகமே போட்டார். அடுத்த வருஷம் லண்டனில் ரிச்சர்ட் ஆஷர், படுக்கை எப்படி ஒவ்வோர் உறுப்பாகக் கெடுக்கிறது என்று நுரையீரல், ரத்தக்குழாய், எலும்பு, குடல், மனசு வரை பட்டியல் போட்டுக் கிண்டலாக ஒரு கட்டுரை எழுதினார். 1990களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் வலிமருந்து, சாப்பாடு, நடை எல்லாவற்றையும் ஒரே திட்டமாகச் சேர்த்தார். இன்று அம்மாவின் கட்டில் பக்கம் வந்த அந்தக் குரலுக்குப் பின்னால் இவ்வளவு பேர் நிற்கிறார்கள்.

இது எதுவும் எங்கள் பக்கம் வராமல் இல்லை. எங்கள் ஊர் சின்னாளப்பட்டி. ஒட்டியே காந்திகிராமம். டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம், 1904இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே கணவரை இழந்து, பிறகு டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் படித்து 1936இல் டாக்டரானவர். 1940இல் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டு, 1947இல் இருவருமாக காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். கஸ்தூர்பா மருத்துவமனை சின்னாளப்பட்டியில் சிறு மருத்துவமனையாக ஆரம்பித்ததுதான். விதவையான பெண் மூலையில் உட்கார வேண்டும் என்றிருந்த காலத்தில், அப்படி உட்காராத ஒருத்தர் எங்கள் ஊருக்கு வந்து மற்ற பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். அம்மாச்சிக்கு அவர் மேல் பெரிய மரியாதை. "சௌந்தரத்தம்மா இருந்திருந்தா இப்பிடி மறுநாளே நடக்க விட்டிருக்குமா?" என்று கேட்டது. விட்டிருப்பார் அம்மாச்சி என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் எனக்கெப்படித் தெரியும்?

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் சொன்னது தெளிவாகவே இருந்தது. தினமும் நடக்கணும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டணும். முதல் வாரம் வீட்டுக்குள், வாசல் வரை. இரண்டு மூன்று வாரத்தில் அரைமணி நேரம் நடக்க முடிந்தால் நல்லது. களைத்தால் படுக்கணும். ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. கெண்டைக்கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சலோ அதிக ரத்தப்போக்கோ வந்தாலோ உடனே வரணும்.

சிக்கல் வீட்டுக்கு வந்தபின்தான் ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் ஒரு பெண்ணுக்கு இரண்டே நிலைதான் உண்டு. ஒன்று படுத்திருப்பாள், இல்லை வேலை செய்வாள். பன்னிரண்டாம் நாள் அத்தை வந்து, அம்மா வாசலில் நடப்பதைப் பார்த்துவிட்டு, "பரவால்லியே மதினி, நல்லா நடமாடுறீகளே! அப்பறமென்ன?" என்றார். அந்த 'அப்பறமென்ன'வில் குடம், அண்டா, கிரைண்டர் கல், ஈரத்துணி பக்கெட் எல்லாம் இருந்தது. மறுநாள் அப்பாவே, குழாயில் தண்ணி வருது என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். பதினைந்து லிட்டர் குடம் பதினைந்து கிலோ. கர்ப்பப்பை இருந்த இடத்தில், உள்ளே யோனியின் மேல்முனையைத் தைத்து மூடியிருப்பார்கள். கனம் தூக்கினால் வயிற்றின் அழுத்தம் முழுக்கக் கீழே அந்தத் தையலின் மேல்தான் இறங்கும். மெதுவாக நடந்தால் அப்படி இறங்காது. ரீஸ் முதல் கெலெட் வரை அத்தனை பேரும் நடக்கச் சொன்னார்கள். நடப்பதும் உழைப்பதும் வேறு வேறு என்று எங்கள் அப்பாவுக்குச் சொல்ல யாரும் வரவில்லை. நான்தான் கத்தினேன். அப்பா எதுவும் பேசாமல் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்.

பெரியம்மாவின் நாற்பது நாளுக்கும் இப்போதுதான் அர்த்தம் புரிந்தது. அம்மாச்சி முட்டாள் இல்லை. நிற்க விட்டால் வேலைக்குத் தள்ளிவிடுவார்கள் என்று அதற்குத் தெரியும். பிரசவித்தவளைத் தீட்டு என்று ஒதுக்கியதிலும் பச்சை உடம்பு என்று கிடத்தியதிலும் ஒரு பெண்ணுக்கு வேறெப்படியும் கிடைக்காத லீவு இருந்தது. அந்த லீவின் விலைதான் பெரியம்மாவின் கால். அந்த லீவும் இல்லாதவர்கள் கதை வேறு. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகிற பெண்கள் மாதவிடாய் நாளில் கூலி போய்விடக் கூடாதென்று இளவயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொள்வது 2019இல் பெரிய செய்தியானது. அவர்களுக்குக் கட்டிலும் இல்லை, நடையும் இல்லை. திரும்ப வெட்டரிவாள்தான்.

அம்மாவின் நடை மூன்றாம் வாரம் தெருவுக்கு வந்தது. வீட்டிலிருந்து பிள்ளையார் கோயில் வரை, திரும்ப வீடு. காலையில் கொஞ்சம், வெயில் தாழ்ந்ததும் கொஞ்சம். திண்டுக்கல்லில் மலைக்கோட்டை அடிவாரத்தில் ஷூ போட்டு வாக்கிங் போகிறவர்கள் இருக்கிறார்கள், யாரும் ஏனென்று கேட்பதில்லை. எங்கள் தெருவில் பெண்கள் நடப்பார்கள், ஆனால் குடத்தோடு, பையோடு, பிள்ளையோடு, நூல் கட்டோடு. வெறுங்கையோடு மெதுவாக நடக்கும் ஒரு பொம்பளை என்றால் அவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அர்த்தம். "எங்க கெளம்பிட்ட?" என்றார்கள் ஒவ்வொரு வாசலிலும். "சும்மாதான்" என்றாள் அம்மா. "சும்மாவா?" என்றார்கள்.

நாலாம் நாள் கிளம்பும்போது பார்த்தேன், அம்மா கையில் அம்மாச்சியின் சின்னத் தூக்குவாளி.

"அதுல என்னம்மா? கனம் தூக்கக் கூடாதுல்ல?"

மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை.

"கேட்டா, பாலுக்குப் போறேன்னு சொல்லிக்கலாம்ல."

அன்றைக்குப் பெரியம்மாவும் கூடப் போனது, வீங்கின காலோடு. அதன் கையில் ஒரு மடித்த மஞ்சப்பை.