திண்ணைப் பள்ளிக்கூடத்துக் கணக்கு

மலருக்குக் கட்டுரை கேட்டபோது, சிவில் படித்தவன் என்பதால் பாலம், அணை என்று ஏதாவது எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கு எழுதத் தோன்றியதோ மணலில் விரலால் எழுதிப் படித்த பிள்ளைகளைப் பற்றி. சர்வே பிராக்டிகலில் செயினைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்ற நம்மவர்கள் எல்லாருக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. போகப் போகத் தெரியும்.

திண்ணைப் பள்ளிக்கூடம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஊரில் ஒரு வீட்டுத் திண்ணை. அது இல்லாவிட்டால் கோயில் மண்டபமோ மரத்தடியோ. ஒரு வாத்தியார். பெஞ்சு கிடையாது, கரும்பலகை கிடையாது. முதலில் மணலைப் பரப்பி எழுத்தின்மேல் விரல் ஓட்ட வேண்டும். கை படிந்த பிறகு பனையோலையும் எழுத்தாணியும். வாத்தியாருக்குச் சம்பளம் நெல்லாகவும் காசாகவும் வீடுகளிலிருந்து வரும். நவராத்திரி வந்தால் பிள்ளைகள் கோலாட்டக் கழியோடு பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். ஊருக்கு அது பண்டிகை, வாத்தியாருக்கு வருமானம். உ.வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திரம்' நூலில் தாம் படித்த இத்தகைய பள்ளிக்கூடங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். படிக்காதவர்கள் அந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள்.

இப்படி எத்தனை பள்ளிகள் இருந்தன? சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் எல்லாக் கலெக்டர்களையும் கணக்கெடுக்கச் சொன்னார். 1826 மார்ச்சில் அதைத் தொகுத்து எழுதினார். மாகாண மக்கள்தொகை 1,28,50,941, பள்ளிகள் 12,498, படித்தவர்கள் 1,88,650 பேர். சுமார் ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. வீட்டிலேயே படித்தவர்கள் தனி. படிக்கும் வயதுள்ள ஆண் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு ஏதோ ஒரு கல்வி கிடைக்கிறது என்று மன்றோ மதிப்பிட்டார். இங்கிலாந்தைவிட இது குறைவுதான், ஆனால் சற்று முன்பு வரை பல ஐரோப்பிய நாடுகளில் இருந்ததைவிட மேல் என்றும் எழுதினார்.

அந்தக் கணக்கெடுப்பில் எனக்குப் பிடித்தது பெல்லாரி கலெக்டர் கேம்பல் 1823-ல் அனுப்பிய அறிக்கை. அவர் மாவட்டத்தில் 533 பள்ளிகள். காலையில் முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்களாம். இரண்டாவது வருபவனுக்கு ஒரு சுழி. மூன்றாவது ஆளிலிருந்து பிரம்படி: அவனுக்கு ஒன்று, அடுத்தவனுக்கு இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும். முதல் ஹவருக்கு லேட்டாக வந்து வாசலில் நின்ற நம் நண்பர்கள் அந்தக் காலத்தில் பிறக்காதது அவர்கள் பாக்கியம்! கேம்பல் இன்னொன்றும் கவனித்தார். மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையும், அதனால் செலவு குறைவதும் பாராட்டத்தக்கது, இங்கிலாந்து இதைப் பின்பற்றியதில் வியப்பில்லை என்கிறார்.

இங்கிலாந்து பின்பற்றியதா? ஆமாம். நம் பக்கத்து 'சட்டாம்பிள்ளை' கப்பல் ஏறிய கதை அது. வாத்தியாருக்கு அடுத்தபடியாகப் பிள்ளைகளை மேய்க்கும் பெரிய பையன்தான் சட்டாம்பிள்ளை. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787-ல் சென்னைக்கு வந்தார். 1789 முதல் எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைக் கவனித்தார். ஒரு நாள் உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னால் ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். சரி போங்கள் என்று ஜான் ஃபிரிஸ்கன் என்ற சிறுவனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். அது நடந்தது. 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாக்கினார். 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பள்ளிகள் முளைத்தன. அவர் பிறந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் கட்டிய பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர்.

இந்தக் கதையை மேடைகளில் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிப் பெருமைதான். பெல் எடுத்துக்கொண்டு போனது முறையை மட்டும். அங்கே ஒரே ஆசிரியரின் கீழ் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துத் தொழிற்சாலை மாதிரி நடத்தினார்கள். திண்ணையில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதை அவர் கொண்டுபோகவில்லை. கொண்டுபோகவும் முடியாது. ஏனென்றால் அது அந்தந்த ஊரின் நிலமும் நெல்லும்.

எண்சுவடி என்று ஒரு சுவடி. பிள்ளை அதை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். அதில் மேல்வாய், கீழ்வாய் இலக்கம் வரும். கீழ்வாய் என்றால் ஒன்றுக்குக் கீழே உள்ள பின்னங்கள்: அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி, மா என்றால் 1/20, காணி என்றால் 1/80, முந்திரி என்றால் 1/320. அதற்கும் கீழே கீழ்முந்திரி, அதாவது 1/1,02,400. இவ்வளவு சின்னப் பின்னம் யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். சோழர் காலக் கல்வெட்டுகளைப் பாருங்கள், நில அளவுகள் இந்தக் கீழ்ப் பின்னங்களில் போய்க்கொண்டே இருக்கும். தஞ்சைப் பக்கம் 20 மா ஒரு வேலி. நில அளவான 'மா' என்ற சொல்லே வேலியில் 1/20 என்ற பின்னம்தான்! எண்ணும் நிலமும் ஒரே சொல்லில் இருக்கிறது.

அடுத்தது குழிமாற்று, அதாவது பரப்பளவு வாய்பாடு. ஒரு வயல் நீளம் பன்னிரண்டரைக் கோல், அகலம் எட்டேகால் கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்குலேட்டரைத் தேடாதீர்கள். பன்னிரண்டெட்டு தொண்ணூற்றாறு, பன்னிரண்டு கால் மூன்று, எட்டரை நாலு, அதாவது எட்டில் அரை, அரைக்குக் கால், அரைக்கால். ஆக நூற்று மூன்றே அரைக்கால் குழி. நூறு குழி ஒரு மா. எனவே நிலம் ஒரு மாவும் மூன்றே அரைக்கால் குழியும். பையன் வரப்பில் நின்றபடியே சொல்லிவிடுவான். 12 அடிக் கோல் என்றால் குழி 144 சதுர அடி, மா 14,400 சதுர அடி, சுமார் 33 சென்ட். செங்கல்பட்டுப் பக்கம் 24 அடிக் கோல். அங்கே நூறு குழி ஒரு காணி, 57,600 சதுர அடி. ஊருக்கு ஊர் கோல் மாறியதால் குழப்பம் வராதா? வரும். அதற்காகத்தான் கோயில் சுவர்களிலேயே அளவுகோலின் நீளத்தைச் செதுக்கி வைத்தார்கள். சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் போய்க் கோலை வைத்துப் பார்க்கலாம். நம் பாடத்தில் 'ஸ்டாண்டர்ட்' என்று படித்தோமே, அதுதான் இது.

நெல்லிலக்கம் இன்னும் வேடிக்கை. 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு, 8 ஆழாக்கு ஒரு படி. பெருக்கினால் ஒரு படிக்கு 14,400 நெல். மாவுக்கும் 14,400 சதுர அடி, படிக்கும் 14,400 நெல்லா என்று சிலிர்த்துக்கொள்ள வேண்டாம். அடி என்பது இங்கிலீஷ்காரன் அளவு, தற்செயல்தான். இப்படித்தான் கணக்கதிகாரத்தில் வரும் பலாச்சுளைக் கணக்கும் கைப்பேசியில் அடிக்கடி வந்து விழுகிறது. காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் சுளை எண்ணிக்கையாம். அது பொழுதுபோக்கு. திண்ணைக் கணக்கின் உயிர் அங்கே இல்லை. களத்தில் நெல் அளக்கும்போது குடிமகன், காவல்காரன், தச்சன், கோயில் என்று யார் யாருக்கு எத்தனை மரக்கால் என்று பிரிக்கும் இடத்தில் இருக்கிறது. ஊரின் பொதுக் காரியங்கள் இந்தப் பங்கில்தான் நடந்தன. பிள்ளை படித்த கணக்கு மறுநாளே ஊரில் வேலை செய்தது.

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். காந்தியடிகள் 1931 அக்டோபரில் லண்டனில் பேசும்போது, இந்தியாவின் கல்வியை அழகிய மரம் என்றும், ஆங்கில ஆட்சி அதன் வேரைத் தோண்டிவிட்டது என்றும் சொன்னார். ஃபிலிப் ஹார்டாக் அதை மறுத்து வாதம் செய்தார். தரம்பால் மன்றோ கணக்கெடுப்பின் ஆவணங்களைத் தேடித் தொகுத்து 1983-ல் வெளியிட்டபோது, அந்த மரம் இருந்தது என்பது ஆதாரத்தோடு தெரிந்தது. பிராமணர் மட்டுமே படித்தார்கள் என்ற எண்ணமும் அடிபட்டது. கலெக்டர்கள் 'சூத்திரர்', 'பிற சாதியார்' என்று எழுதிய பிரிவினர் சேலம், திருநெல்வேலியில் மாணவர்களில் சுமார் 70 சதவீதம், தென்னார்க்காட்டில் 84 சதவீதத்துக்கும் மேல். ஆனால் அதே பட்டியலில் 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேர்தான். சேரிப் பிள்ளைகளுக்குத் திண்ணை பெரும்பாலும் ஏற முடியாத உயரம். உழுதவனுக்கு வேலியும் மாவும் காலடியில் தெரியும், ஓலையில் தெரியாது. அளப்பவன் சொன்னதுதான் அளவு. வாரம் வாங்க ஒரு மரக்கால், கூலி அளக்க ஒரு மரக்கால் என்பது தஞ்சைக் கிராமங்களில் பழைய புகார். 1940-களில் அங்கே விவசாயத் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தபோது, முத்திரையிட்ட மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்று கேட்டார்கள் என்றால் எந்த அளவுக்கு மனம் நொந்திருப்பார்கள்! கோயில் சுவரில் கோல் இருந்தது சரி, அந்தச் சுவரை நெருங்க விட்டால்தானே அளந்து பார்ப்பதற்கு?

அதனால் 1894-ல் கர்னல் ஆல்காட் அடையாறு பக்கத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தது போன்ற காரியங்களை, 'மரபை அழித்த புதுக்கல்வி' என்று ஒரே வீச்சில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. புதுப் பள்ளிக்கூடத்தில் ஊரை மறந்தார்கள் என்பது உண்மை. சிலருக்கு மறக்க வேண்டிய ஊராகவும் அது இருந்தது.

திண்ணைகள் ஒரே நாளில் மூடப்படவில்லை. 1854-க்குப் பிறகு மானியம் என்ற பெயரில் சர்க்கார் பாடபுத்தகம் உள்ளே வந்தது. பரீட்சையில் தேறும் பிள்ளைக்கு இவ்வளவு காசு என்றதும் வாத்தியார்கள் எண்சுவடியை ஓரம் கட்டினார்கள். 16 அணா ரூபாய் இருந்தவரை மாகாணிக்கும் அரைக்காலுக்கும் கடைத்தெருவில் வேலை இருந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது, தொடர்ந்து கிலோவும் லிட்டரும் வந்தன, அதுவும் போயிற்று. 1980-ல் தமிழக அரசு கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை ஒழித்ததோடு அந்தக் கணக்கின் கடைசி உத்தியோகமும் முடிந்தது. மெட்ரிக் முறையைக் குறை சொல்ல நான் யார், அதில்தானே சம்பளம் வாங்குகிறேன். ஒரே கிலோ எல்லாருக்கும் ஒரே கிலோ என்பது சாதாரண விஷயம் இல்லை.

ஆனாலும் டெல்டாவில் இன்றும் பட்டாவில் ஹெக்டேர், பேச்சில் மா. சர்வே வேலைக்குப் போகும் நம் மாணவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கப் போகிறார்கள். டோட்டல் ஸ்டேஷனை நிறுத்திவிட்டு, பக்கத்தில் நிற்கும் பெரியவர் என்ன சொல்கிறார் என்று காது கொடுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் செந்தில் பாபு இந்தத் திண்ணைக் கணக்கைப் பற்றி 2022-ல் ஆங்கிலத்தில் விரிவான நூல் ஒன்று வெளியிட்டிருக்கிறார். நம் நூலகத்தில் வாங்கி வைக்கலாம்.

நண்பர்களே, உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால், இந்த லீவிலேயே உட்கார்ந்து கேட்டு எழுதிவையுங்கள். கீழ்வாய் வாய்பாடு எதுவரை ஞாபகம் இருக்கிறது, உங்கள் ஊர் மரக்காலுக்கு எத்தனை படி, நவராத்திரிக்கு எந்தெந்தத் தெருவுக்குக் கோலாட்டம் போனது, எந்தத் தெருவுக்குப் போகவில்லை. எழுதியதைச் சங்கத்துக்கு அனுப்பினால் அடுத்த மலரில் ஊர்வாரியாகப் போடலாம். தொகுத்துத் தரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.