டெய்ரி ஃபார்முக்கு வந்த கேபிள்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி அதிகம். போன ஞாயித்துக்கிழமை அம்மா வீடியோ கால்ல வந்தாங்க. எடுத்த எடுப்புல, "ஏண்டா, தாடி இவ்வளவு நரைச்சிருக்கு? ஒழுங்கா சாப்பிடுறியா இல்லியா?"

டொராண்டோவுல உட்கார்ந்திருக்கிற என் நரைமுடியை அந்தமான் டெய்ரி ஃபார்ம்ல இருந்து எண்ணுறாங்க! உங்களுக்கு இது சாதாரண விஷயம். எங்க ஊர்க்காரனுக்கு இதுக்குப் பின்னாடி நூத்தம்பது வருஷக் கதை இருக்கு. அதான் இன்னிக்கு கொசுவத்தி. (போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பர்ல ஸ்ரீ விஜயபுரம்னு பேரு மாத்திட்டாங்க. எனக்கு இன்னும் வாய்ல வரலை.)

1872 பிப்ரவரி 8. அந்தமானைச் சுத்திப் பார்க்க வந்த வைஸ்ராய் மேயோ பிரபுவை ஹோப் டவுன் துறையில ஷேர் அலிங்கிற கைதி குத்திக் கொன்னுட்டார். லண்டனுக்கும் பம்பாய்க்கும் நடுவுல 1870லயே கடலடித் தந்தி வந்தாச்சு. ஆனா போர்ட் பிளேர்ல தந்தி கிடையாது. இந்தியாவையே ஆண்டவர் செத்த சேதி கப்பல் ஏறிப் போய்த்தான் கல்கத்தாவுக்குத் தெரிஞ்சுது. இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான் பர்மா கரையோரத்து டயமண்ட் தீவோட கம்பியில்லாத் தந்தி தொடர்பு வந்துது.

அடுத்து 2004 டிசம்பர் 26. சுனாமி. நான் இங்க கனடாவுல டிவி முன்னாடி. டெய்ரி ஃபார்முக்கு எத்தனை தடவை அடிச்சாலும் லைன் போகலை. அந்த நேரத்துல பாரதி பிரசாத்தோட ஹாம் ரேடியோ குழு போர்ட் பிளேர்ல இருந்தாங்க. பொழுதுபோக்கா வானொலித் தொடர்புகள் பிடிக்க வந்தவங்க, அன்னிக்கு தீவுகளோட நிலவரத்தை வெளியே சொல்ற வாயா மாறிட்டாங்க. டெலிபோன் செத்த இடத்துல ஒரு ஆன்டெனாவும் பேட்டரியும் வேலை செஞ்சுது. எங்க வீட்டுல எல்லாரும் உசிரோட இருக்காங்கன்னு தெரிய எனக்கு நாலு நாள் ஆச்சு.

அப்புறம் இன்டர்நெட். அபர்தீன் பஜார் பிரவுசிங் சென்டர்ல ஒரு மெயில் திறக்கிறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம் :-) காரணம் எளிமையானது. தீவுகள்ல இருந்து வெளியே போற தகவல் எல்லாம் செயற்கைக்கோள் வழியாத்தான் போகணும். அது 36,000 கிலோமீட்டர் உயரத்துல நிக்குது. கேள்வி ஏறி இறங்கி, பதில் ஏறி இறங்கி வர்றதுக்கே அரை நொடி. ஒளியை விட வேகமா எதுவும் போகாது, அதனால அதைக் குறைக்க முடியாது. வானத்துல கிடைக்கிற கொஞ்ச அலைவரிசையை ஊரே பங்கு போடணும்.

கொடுமை என்னன்னா, 2002லயே சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஐ2ஐ கேபிள் போட்டாச்சு. 3,200 கிலோமீட்டர். நிக்கோபார் தீவு வரிசையைத் தாண்டாம அது சிங்கப்பூர் போக வழியே இல்லை. எங்க கடல் வழியாத்தான் போச்சு, ஆனா எங்க கரை ஏறலை. ஏன் ஏறணும்? 2011 கணக்குப்படி மொத்தத் தீவுகள்லயும் 3.8 லட்சம் பேர். எந்தக் கம்பெனிக்கு இது கட்டுப்படியாகும்?

2020 ஜூன்ல அப்பா போயிட்டார். மார்ச்லயே வெளிநாட்டு விமானம் எல்லாம் நிறுத்தியாச்சு. போக வழியில்லை. தம்பி போனைப் பிடிச்சுக் காட்டினான். அப்பாவைத் தூக்கும்போது படம் அப்படியே நின்னுடுச்சு. கட்டம் கட்டமா உடைஞ்ச ஒரு முகம். குரல் மட்டும் விட்டு விட்டு வந்துது. கடைசியா நான் பார்த்தது அதைத்தான்.

ஆகஸ்ட் 10ஆம் தேதி சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் திறந்தாங்க. 2018 டிசம்பர்ல அடிக்கல் நாட்டின வேலை. ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர், சுமார் 1,224 கோடி ரூபாய். பிஎஸ்என்எல் போட்டது. ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரைக்கும் போகுது. தலைக்கு ஏறக்குறைய 32,000 ரூபாய் ஆகுது, கணக்குப் போட்டுப் பாருங்க.

இந்தக் காசு எங்க இருந்து வந்துது? டெலிபோன் கம்பெனிகளோட வருமானத்துல ஒரு பங்கு எடுத்து அரசு வெச்சிருந்த சேவை நிதியில இருந்து. அதாவது மதுரையில, பாட்னாவுல ரீசார்ஜ் பண்ணின ஒவ்வொருத்தரோட சில்லறையும் இதுல இருக்கு. லட்சத்தீவுக்கும் 2024 ஜனவரியில கொச்சியில இருந்து இதே மாதிரி கேபிள் போச்சு.

இப்ப 550 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற ஸ்டார்லிங்க் மாதிரி செயற்கைக்கோள்கள் வந்தாச்சு, தாமதம் ரொம்பக் குறைவு. கேபிள் அறுந்தா கைகொடுக்கும், நல்லதுதான். ஆனா ஒண்ணு புரிஞ்சுது. 1872லயும் சரி, 2002லயும் சரி, தொழில்நுட்பம் பக்கத்துலயே இருந்துது. எங்களைத் தள்ளி வெச்சது தூரம் இல்லை, தலைக்கணக்கு. யாராவது லாபக் கணக்கை மூடி வெச்சாத்தான் கடைசித் தீவுக்கு வயர் வரும்.

அம்மாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "ரெண்டு மாசம் முன்னாடி போட்டிருக்கலாம்"னாங்க. வேற ஒண்ணும் சொல்லலை.