பேதிக்குக் காரணம் வயசு இல்லை

1858 மார்ச் 10ஆம் தேதி 200 கைதிகளோடு போர்ட் பிளேரில் வந்து இறங்கிய, கைதிகள் குடியேற்றத்தின் கண்காணிப்பாளர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் ஒரு டாக்டர். ஆக்ரா சிறையை நடத்தியவர். முதல் மூன்று மாதத்தில் வந்து சேர்ந்த 773 கைதிகளில் 64 பேர் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார்கள். தப்பியோடிப் பிடிபட்ட எண்பதுக்கும் மேற்பட்டவர்களை அவரே தூக்கிலிட்டார். எங்கள் அந்தமான் தீவில் நவீன மருத்துவம் கால்வைத்தது இப்படித்தான்.

காய்ச்சலும் சீதபேதியும் அந்தக் குடியேற்றத்தை லேசில் விடவில்லை. அன்றைய டாக்டர் என்ன செய்திருக்க முடியும்? மலத்தைக் கண்ணால் பார்ப்பார். ரத்தமும் சளியும் தெரிந்தால் சீதபேதி என்று எழுதுவார். காலராக் கிருமியை கோக் கல்கத்தாவில் பிரித்தெடுத்தது 1884இல். சீதபேதியின் கிருமியை ஜப்பானில் ஷிகா கண்டது 1897இல். இங்கே செல்லுலார் சிறை கட்டத் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1912இல் லியனார்ட் ராஜர்ஸ் கல்கத்தாவில் எமெட்டின் ஊசியைக் கொண்டுவந்தார். அது அமீபா பேதிக்கு மட்டுமே கேட்கும், ஷிகா கண்ட ஷிகெல்லா பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. இதயத்தையும் தாக்கும் மருந்து அது. ஆகவே எந்தப் பேதி என்று தெரியாமல் போட்டால், வயசானவருக்கு நோயோடு ஊசியும் சேர்ந்து எமனாகும்.

இரண்டையும் பிரித்தறிய வழி இருந்தது, இன்றும் இருக்கிறது. மலம் சூடு ஆறுவதற்குள் கண்ணாடிச் சில்லில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் அமீபா நகர்வது தெரியும். ஆறிவிட்டால் அது அசையாது. நகர்வது ஒன்றும் இல்லாமல் சீழணுக்களே மண்டிக்கிடந்தால் பாக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும். லேப் டெக்னீஷியனாக என் வேலைக்காலம் முழுக்க இதைத்தான் செய்தேன். முகம் சுளிக்க வேண்டிய வேலையாக ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

செல்லுலார் சிறையின் ஏழு சிறகுகளில் இன்று நிற்பவை மூன்று. சிறை வளாகத்திலேயே 1963இல் கோவிந்த வல்லப பந்த் ஆஸ்பத்திரி வந்தது. 1983இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார மையம் போர்ட் பிளேரில் தொடங்கியது. தீவின் பேதிக் கிருமிகளை வளர்த்து, எந்த மருந்துக்கு எது மசியவில்லை என்று தொடர்ந்து கவனித்தது அந்த மையம்தான். 2002இல் நான்கவுரித் தீவுக் கூட்டத்தில் நிக்கோபாரி மக்களிடையே வாந்திபேதி பரவியபோது, எல் டார் வகைக் காலராக் கிருமிதான் காரணம் என்று உறுதிசெய்ததும் அவர்களே. காலராக் கிருமிக்கென்றே உள்ள பச்சைத் தட்டில் அது மஞ்சள் புள்ளிகளாக முளைக்கும். முளைப்பதற்கு அது உயிரோடு வந்து சேர வேண்டும். அதற்குத்தான் கேரி பிளேர் ஊடகம்: ஐஸ் பெட்டி இல்லாத கப்பல் பயணத்திலும் கிருமியைச் சாகவிடாமல் வைத்திருக்கும். ஷிகெல்லா மட்டும் அதிலும் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

இந்த வரலாற்றில் எனக்குப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. கொள்ளைநோய் வந்தால் கிருமியைத் தேடினோம், குழந்தைகளுக்குத் தேடினோம். ஷிகெல்லா ஆராய்ச்சி பெரும்பாலும் குழந்தைகளை வைத்தே நடந்தது. கிழவர்களையும் கிழவிகளையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

என் அம்மாயி கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்காரி. சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து அங்கே குடியேறிய தமிழர்களில் ஒருத்தி. ஒருமுறை பேதி கண்டபோது அவருக்குக் காய்ச்சல் இல்லை, வயிற்றுவலியும் பெரிதாக இல்லை. பேச்சு தடுமாறியது, முற்றத்தில் விழுந்தார். "வயசாச்சில்ல, அப்படித்தான் இருக்கும்" என்று அங்கே பார்த்தவர் ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பிவிட்டார். நானூறு கிலோமீட்டருக்கு மேல் கப்பலில் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது சிறுநீர் அற்றுப்போயிருந்தது. அதற்குப் பிறகு எடுத்த மலத்தில் எதுவும் வளரவில்லை. மருந்து முந்திக்கொண்டது. அம்மாயி பிழைத்தார், சிறுநீரகம் பழையபடி ஆகவில்லை.

முதுமையில் உடம்பு இப்படித்தான் ஏமாற்றும். காய்ச்சல் எழும்பாது. தோலைக் கிள்ளி நீரிழப்பைக் கணிப்பதும் நம்பகமில்லை, தோல் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். அமிலத்தைக் குறைக்கும் கேஸ் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கும் வயிற்றில் கொஞ்சம் கிருமி போனாலே நோய் பிடித்துக்கொள்ளும். அதே மாத்திரை, இரைப்பைப் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமியையும் சோதனையில் ஒளித்துவிடும். இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மூச்சையோ மலத்தையோ சோதித்தால்தான் முடிவை நம்பலாம்; நிறுத்தலாமா என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். ரத்தம் போவதெல்லாம் சீதபேதியும் அல்ல. குடலுக்கு ரத்தஓட்டம் குறைந்தாலும், புற்றுநோய் இருந்தாலும் அப்படிப் போகும்.

வீட்டில் பெரியவர் ஒருவருக்குப் பேதி கண்டு, ரத்தம் தெரிந்தாலோ, புத்தி தடுமாறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உப்புச்சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மோஷன் டெஸ்டுக்கு டப்பா கேளுங்கள். ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பே கேளுங்கள்.