மோனேவின் லண்டன் ஏன் அவ்வளவு மங்கலாக இருக்கிறது?

கிளாட் மோனேவின் லண்டன் ஓவியங்களில் வாட்டர்லூ பாலமும் நாடாளுமன்றக் கட்டடமும் ஊதா, ஆரஞ்சு நிறங்களில் கரைந்து நிற்கும். 'இம்ப்ரெஷனிஸ்ட் ஆச்சே, அப்படித்தான் வரைவார்' என்று நீங்கள் நினைத்திருக்கலாம். ஆனால், அந்த மங்கலில் நிலக்கரிப் புகைக்கும் பங்கு உண்டு.

1899 முதல் 1901 வரை மூன்று முறை லண்டன் போன மோனே, சவாய் ஹோட்டல் அறையிலிருந்து பாலங்களை வரைந்தார். வெளிச்சம் மாறினால் போதும், கையிலிருக்கும் கேன்வாஸை வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பார். இப்படிச் சேர்ந்தவை நூறுக்குப் பக்கம்.

1900 மார்ச்சில் ஒரு ஞாயிறு காலை, வெளியே மூட்டமே இல்லை. ஓவியங்கள் எல்லாம் போச்சு என்று பதறிவிட்டார். வீடுகளில் அடுப்பு மூட்டி, புகை திரும்பிய பிறகுதான் நிம்மதி. மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொன்னது இது.

காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் விளிம்புகள் மழுங்கும், தூரத்துக் கட்டடங்கள் வெளுத்துத் தெரியும். டர்னர், மோனே ஓவியங்களில் காலப்போக்கில் கூடிய இந்த மங்கல், அன்றைய கந்தக டை ஆக்சைடு உமிழ்வோடு ஒத்துப்போவதாக 2023இல் ஓர் ஆய்வு காட்டியது.

மோனேவுக்குக் கண்புரை இருந்ததே என்கிறீர்களா? அது கண்டறியப்பட்டது 1912இல்தான். அதற்காக இவற்றை போட்டோ மாதிரி நம்பிவிடவும் முடியாது. பலவற்றை அவர் பிரான்சில், ஜிவெர்னி வீட்டில் வைத்துதான் முடித்தார். 1904இல் 37 ஓவியங்கள் பாரிஸில் காட்சிக்கு வந்தன.

லண்டனில் நிலக்கரிப் புகை அதன் பிறகும் ஓயவில்லை. 1952 டிசம்பரில் சில நாட்கள் நீடித்த புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. தூய காற்றுச் சட்டம் வந்தது 1956இல்.