மயிற்பொறியும் விமான அச்சமும்

அஞ்சுவோர்க்குப் படிப்படியாகப் பயிற்சி தருவது மேலைநாட்டு உளவியலின் கண்டுபிடிப்பு என்றே நாம் எண்ணியிருந்தோம். சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை மீண்டும் படித்தபோது அவ்வெண்ணம் சற்றே அசைந்தது. சச்சந்தன் மயிற்பொறி ஒன்றைச் செய்வித்தான். வலப்புறம் திருகினால் அது மேலெழும், இடப்புறம் திருகினால் இறங்கும். ஆபத்து வருமுன்னரே கருவுற்ற விசயைக்கு அதை இயக்கப் பழக்கினான். கட்டியங்காரனின் படை சூழ்ந்த நாளில் அப்பழக்கமே அவளைக் காத்தது.

அறிவியல் இவ்வழிக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டில். முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்னும் சிறுவன் உணவுண்ணும் வேளையில், முயலைச் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்து அச்சம் தணித்ததை மேரி கவர் ஜோன்ஸ் 1924இல் பதிவுசெய்தார். தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப்பே 1958இல் வெளியிட்ட நூலில் இதனை முறைப்படுத்தினார்: முதலில் உடலைத் தளர்த்தும் பயிற்சி; பின் அச்சங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாக எதிர்கொள்ளுதல். 1990களில் விமானப் பயணத்தையே கணினிவழி மெய்நிகர்க் காட்சியாக்கிப் பழக்கினர்.

பொதட்டூர்பேட்டையில் தறியோசைக்கிடையே வளர்ந்த நாம், விமானத்துக்கு அஞ்சியே இரு கருத்தரங்குகளைத் தவிர்த்தோம். நாம் நாடிய உளவியல் ஆலோசகர், "திருத்தணி மலையின் 365 படிகளையும் ஒரே தாவலிலா ஏறுகிறீர்கள்?" என்றார். விமான ஒலிப்பதிவைக் கேட்பதில் தொடங்கி, நிலைய வாசலில் நின்று, ஆறாம் மாதம் தில்லிக்குப் பறந்தோம். கைப்பிடியை இறுகப் பற்றியபடிதான். அச்சம் முற்றும் அகலவில்லை. ஆனால் நம்மை அது தடுக்கவில்லை.

விசயையும் அஞ்சியிருக்கக்கூடும், ஆயினும் பழகியிருந்தாள்.